பட்டாளத்து வீட்டுக் கணக்கு உங்கள் கைக்கும் வரட்டும்

நம்பியூர் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். நீண்ட கடிதம் என்பதால் சுருக்கித் தருகிறேன்.

"அக்கா, எனக்கு 33 வயசு. பி.காம் படிச்சிருக்கேன். வீட்டுக்காரர் ராணுவத்துல ஹவில்தார். 2003-ல சேர்ந்தாருங்க, இப்ப அருணாச்சல் பார்டர்ல இருக்காரு. இன்னும் ரெண்டு வருசத்துல பென்ஷன்ல வந்துருவாரு. பையனுக்கு 8 வயசு, பொண்ணுக்கு 4. மாமனார் வீட்டுலதான் இருக்கோம். அவரோட ஏடிஎம் கார்டு மாமாகிட்ட இருக்குது. என்ர செலவுக்கு அத்தைகிட்டக் கேட்டு வாங்கிக்கறேன். கொழுந்தனார் சென்னிமலையில தறி போட்டிருக்காரு. அதுக்கு இவரு பேர்ல 6 லட்சம் லோன் எடுத்துக் குடுத்தாரு, மாசாமாசம் பிடிக்கறாங்க. பென்ஷன் பணம் வந்ததும் இன்னும் எட்டுத் தறி போடலாம்னு இப்பவே பேச்சு. திருப்பூர்ல அக்கவுண்ட்ஸ் வேலைக்குப் போறேன்னு சொன்னதுக்கு, 'பட்டாளத்துக்காரன் பொண்டாட்டி பனியன் கம்பெனிக்குப் போனா ஊரு என்ன பேசும்'னு மாமா கோவிச்சுக்கிட்டாங்க. தோட்டத்துக்குப் போற தடத்தைப் பக்கத்துக் காட்டுக்காரர் அடைச்சுட்டு, இவரையும் சேர்த்துக் கேசு போட்டிருக்காரு. அப்பா போன் வராத அன்னிக்குப் பையன் சாப்பிடறதில்ல. 2025 மே மாசம் டிவி பாத்துப் பாத்து எனக்குப் போன தூக்கம் இன்னும் சரியா வரலீங்க. பையனை அமராவதி நகர் சைனிக் ஸ்கூல்ல சேத்தலாமுங்களா? எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியலீங்க அக்கா."

அன்புள்ள தங்கைக்கு,

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டீர்கள் அல்லவா, அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அவருடைய காகிதங்களில் ஆரம்பியுங்கள். ஏடிஎம் கார்டு, தறி, வேலை எல்லாவற்றையும் பிறகு பேசலாம். படையில் இருப்பவரின் மனைவி யார், பிள்ளைகள் யார், அவர்கள் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை வைத்துத்தான் மற்ற எல்லாமே நடக்கும்.

வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை போன்ற ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தால் இதை நீங்கள் என்னிடம் கேட்க வேண்டியிருக்காது. அங்கே வீதிக்கு நாலு வீடு பட்டாளத்து வீடு. எந்தப் படிவத்தை எங்கே கொடுப்பது என்று பக்கத்து வீட்டு அக்காவே சொல்லிவிடுவார். நம் கொங்குப் பக்கம் அப்படியில்லை. ஊருக்கு ஒருவர் இருவர்தான் படையில் இருப்பார்கள். மஞ்சள் விலையும் தறிக்கூலியும் கேட்டால் ஊரே பதில் சொல்லும், பார்ட் டூ ஆர்டர் என்றால் யாருக்கும் தெரியாது. உங்கள் மாமனாருக்கும் தெரிந்திருக்காது. அவர்மேல் அதற்காகக் கோபப்படாதீர்கள்.

பார்ட் டூ ஆர்டர் என்பது ஒரு படைவீரரின் வாழ்க்கையில் நடக்கும் மாற்றங்களை யூனிட் பதிவு செய்யும் ஆணை. திருமணம், குழந்தை பிறப்பு எல்லாம் அதில் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் ராணுவத்தின் கணக்கில் அந்தக் குழந்தையே இல்லை. உங்கள் திருமணம், பையன் பிறந்தது, பொண்ணு பிறந்தது, மூன்றும் ஏறியிருக்கிறதா, எந்த எழுத்துக் கூட்டலில் ஏறியிருக்கிறது என்று கேட்டு நகல் வாங்குங்கள். இந்த எழுத்துக் கூட்டலில்தான் நம் ஊர்ப் பெண்கள் மிகவும் அல்லாடுகிறார்கள். நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் கணவர் இனிஷியல். ஆதாரில் ஒன்று இருக்கும், பி.காம் சான்றிதழில் ஒன்று இருக்கும். யூனிட்டில் உட்கார்ந்திருக்கும் வடநாட்டு எழுத்தர் கணவரின் முழுப் பெயரையும் உங்கள் பெயருக்குப் பின்னால் சேர்த்து மூன்றாவதாக ஒன்றை எழுதியிருப்பார். வீட்டில் பழனாத்தாள் என்று பெயர் வைத்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் பழனியம்மாள் என்று எழுதிவிடும் ஊர் நம்முடையது. இருபது வருடம் அதனால் ஒரு தொந்தரவும் இருக்காது. குடும்ப ஓய்வூதியம் என்று வரும் நாளில், இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அந்தப் பெண் மஞ்சப் பையைத் தூக்கிக்கொண்டு தாலுகா ஆபீஸ், நோட்டரி, வங்கி என்று அலைவார். ஈரோட்டில் என் மேசைக்கு எதிரே வந்து உட்காரும் படைவீரர் மனைவியரில் பலருடைய பை இப்படிப்பட்ட பைதான்.

அவர் பணியில் இருக்கும்போதே திருத்தினால் யூனிட் எழுத்தர் மூலமாகவே வேலை முடியும். பென்ஷனில் வந்த பிறகு என்றால் அவருடைய படைப்பிரிவின் ஆவணக் காப்பகத்துக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் குன்னூர் பக்கம் வெலிங்டனில் இருக்கிறது, பரவாயில்லை. பீரங்கிப் படை என்றால் நாசிக், தகவல் தொடர்பு பார்க்கும் சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், தளவாடங்களைப் பழுது பார்க்கும் இஎம்இ என்றால் செகந்திராபாத். நம்பியூரிலிருந்து ஒவ்வொரு கடிதத்துக்கும் பதில் வாங்குவது எவ்வளவு பாடு என்று நினைத்துப் பாருங்கள். இந்த இரண்டு வருடம் உங்களுக்குக் கிடைத்த நல்ல அவகாசம்.

அதோடு நியமனதாரர் (நாமினி) பெயரையும் பார்க்கச் சொல்லுங்கள். 2003-ல் அவர் சேர்ந்தபோது கல்யாணம் ஆகாதவர். அன்றைக்கு ராணுவக் குழுக் காப்பீட்டிலும் சேமநல நிதியிலும் அம்மா பெயரைத்தான் எழுதியிருப்பார், அதுதான் வழக்கம். கல்யாணத்துக்குப் பின் மாற்றினாரா? மாற்றச் சொல்லும்போது அத்தையை ஒதுக்கச் சொல்லாதீர்கள். அவருக்கும் ஒரு பங்கு இருக்கட்டும், உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் உரியது உங்கள் பெயரில் இருக்கட்டும். கேட்கவே மனம் கூசும் பேச்சுதான் இது. ஆனால் பார்டரில் நிற்கும் மனிதருக்கு இது புதிய பேச்சல்ல. அவருடைய யூனிட்டிலேயே இதைச் சரிபார்க்கச் சொல்லித்தான் அனுப்புவார்கள்.

இதையெல்லாம் போனில் பேசாதீர்கள். சிக்னல் கிடைக்கும் பத்து நிமிடத்தில் பக்கத்தில் மாமா, அத்தை, பிள்ளைகள் இருப்பார்கள். பாதிப் பேச்சு காதில் விழுந்து வேறு அர்த்தம் ஆகிவிடும். 99 ஏபிஓ என்ற ராணுவத் தபால் முகவரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இப்படித் தொடங்கலாம்: "ஏனுங்க, நீங்க இல்லாதப்ப ஸ்கூல்ல, ஆஸ்பத்திரியில, பேங்க்ல எல்லாம் என்கிட்டத்தான் கேக்கறாங்க. எனக்கு ஒன்னும் தெரியாதுங்கன்னு சொல்ல வேண்டியிருக்குது. அடுத்த லீவுல வரும்போது ஒரு நாள் என்கூட உக்காந்து எல்லாத்தையும் சொல்லிக் குடுங்க." இதில் யார்மேலும் குறை இல்லை. ஆண்டு விடுப்பு 60 நாள், தற்செயல் விடுப்பு 30 நாள் என்று அவருக்கு உண்டு. அடுத்து வரும்போது உறவுக்காரர் வீட்டு விருந்து, கல்யாணம், காதுகுத்து எல்லாம் போக ஒரு முழுநாளை இதற்கென்று எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

இனி பணம். மாமனாரிடம் இருக்கும் கார்டைப் பிடுங்குவது என் யோசனை அல்ல. மகன் சம்பளம் தன் கையில் வருவது அவருக்கு ஒரு கௌரவம். அதில் கை வைத்தால் வீடு இரண்டாகும், நடுவில் நீங்கள்தான் நசுங்குவீர்கள். ஆனால் இன்னொருவர் கார்டையும் ரகசிய எண்ணையும் வேறொருவர் பயன்படுத்துவதை வங்கி ஒப்புக்கொள்ளாது. நாளைக்கு ஏதாவது மோசடி நடந்து பணம் போனால் வங்கி கைவிரித்துவிடும். இந்தக் காரணத்தைச் சொல்லியே ஏற்பாட்டை மாற்றலாம். சம்பளக் கணக்கு அவருடையதாகவே இருக்கட்டும். மாதம் பிறந்ததும் அதிலிருந்து ஒரு தொகை மாமாவின் சொந்தக் கணக்குக்கும், ஒரு தொகை உங்கள் கணக்குக்கும் தானாகப் போகும்படி அவர் வங்கியில் நிலையான உத்தரவு கொடுத்துவிடலாம். மாமாவுக்குப் போகும் தொகை இப்போது வீட்டுக்கு ஆகும் செலவைவிடக் குறையாமல் இருக்கட்டும். அவர் மகன் தனக்கென்று அனுப்பும் பணம் தன் பாஸ்புக்கில் வருவதைப் பார்ப்பார். நீங்கள் சோப்புக்கும் நாப்கினுக்கும் அத்தையிடம் கை நீட்ட வேண்டியிருக்காது. 33 வயதுப் பெண், இரண்டு பிள்ளைகளின் தாய், தன் அவசியச் செலவுக்குக் கேட்டு வாங்கும் நிலை இருக்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

சம்பளத்தோடு சேர்ந்த சில உரிமைகளும் கேட்பாரின்றிக் கிடக்கும். பிள்ளைகள் கல்விப்படி வாங்குகிறாரா என்று கேளுங்கள். 2024 ஜனவரியிலிருந்து ஒரு பிள்ளைக்கு மாதம் 2,812 ரூபாய் 50 காசு. ஆண்டுக்கு 33,750 ரூபாய், இரண்டு பிள்ளைகளுக்கு 67,500. எல்.கே.ஜி-யிலிருந்தே உண்டு என்பதால் உங்கள் மகளுக்கும் பொருந்தும். பள்ளித் தலைமையாசிரியரிடம் சான்று வாங்கி வருடத்துக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும். அந்தச் சான்றை வாங்கி அனுப்ப வேண்டியவர் நீங்கள்தான், அவரால் அருணாச்சலிலிருந்து வந்து வாங்க முடியாது. அதில் ஒரு பகுதியை மகள் பெயரில் அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். 10 வயதுக்குள் தொடங்க வேண்டிய கணக்கு அது.

6 லட்சம் லோன் பற்றி. கொழுந்தனார் மாதத் தவணையைத் தன் தறி வருமானத்திலிருந்து அண்ணன் கணக்கில் போடுகிறாரா? கடிதத்தில் நீங்கள் அதைச் சொல்லவில்லை, அதனால் போடவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். பழையதைக் கிளற வேண்டாம். இனி மாதம் பாதியாவது அவர் போடட்டும் என்று அண்ணன் தம்பிக்குள் பேசிக்கொள்ளட்டும், நீங்கள் பேச வேண்டாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: பணம் பற்றாமல் போனால் ஊரில் ரெண்டு வட்டிக்கு வாங்கிவிடாதீர்கள். நூற்றுக்கு ரெண்டு என்று கேட்கச் சின்னதாக இருக்கும், ஆண்டுக்கு 24 சதவீதம். அவருடைய சேமநல நிதியில் போடும் பணத்துக்கு 7.1 சதவீதம்தான் கிடைக்கிறது.

எட்டுத் தறிப் பேச்சுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்திலேயே என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான்.

பென்ஷனில் வரும்போது மொத்தமாக ஒரு தொகை கைக்கு வரும். பணிக்கொடை, சேமநல நிதி, குழுக் காப்பீட்டு முதிர்வுத் தொகை, எடுக்காத விடுப்புக்கான பணம், பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே விற்றுப் பெறும் தொகை எல்லாம் சேரும். ஊர்க்காரர்கள் கண்ணுக்கு அது பெரிய பணம். இதுவரை பேசாத பங்காளிகளெல்லாம் பேச வருவார்கள். ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பென்ஷன் என்பது கடைசிச் சம்பளத்தில் பாதி. அதிலும் பாதிவரை விற்கலாம். விற்ற பகுதி 15 வருடம் கழித்துத்தான் திரும்பச் சேரும். அகவிலை நிவாரணம் முழு பென்ஷனுக்கும் கணக்கிடப்படும் என்பது ஓர் ஆறுதல். ஆனாலும் மாதம் கைக்கு வரும் தொகை இப்போதைய சம்பளத்துக்குப் பக்கத்தில்கூட வராது. அவருக்கு அப்போது வயது நாற்பதைச் சுற்றி இருக்கும். பையன் பத்து வயது. உங்கள் வீட்டின் பெரிய செலவுகள் எல்லாம் அதற்குப் பிறகுதான் தொடங்குகின்றன. மொத்தத் தொகை என்பது அடுத்த 15 வருடத்துச் சோறு. அதை ஒரே நாளில் தறிக்குடோனில் இறக்குவதா?

தறித்தொழில் மட்டம் என்று நான் சொல்லவில்லை. அது சோறு போட்டு வளர்த்த வீடுகள் நம் பக்கம் எத்தனையோ. ஆனால் கூலிக்கு நெய்பவரின் கணக்கு அவர் கையில் இல்லை. நூல் விலையும், கூலி உயர்வும், ஆர்டரும் வேறு யாரோ முடிவு செய்வது. கூலி உயர்வு கேட்டுப் பல்லடம், சோமனூர்ப் பக்கம் வாரக்கணக்கில் தறிகள் நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். அந்தத் தொழிலில் பிறந்து வளர்ந்தவர்களே அப்போது தடுமாறுகிறார்கள். இருபது வருடத்துக்கு மேல் பட்டாளத்தில் இருந்துவிட்டு வரும் மனிதருக்கு அந்தத் தொழிலில் நட்பும் இல்லை, பழக்கமும் இல்லை. கொழுந்தனாரின் மூன்று வருட வரவு செலவுக் கணக்கை அவர் முதலில் கேட்டுப் பார்க்கட்டும். எழுத்தில் கணக்கு இல்லை என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

தறி இல்லாவிட்டால் வேறு யாராவது வேறு ஒன்றைக் கொண்டு வருவார்கள். 2012-ல் பெருந்துறையில் ஈமு கோழி வளர்ப்பு என்று சொல்லிப் பணம் வசூலித்த நிறுவனம் கவிழ்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். திருப்பூரில் அந்நியச் செலாவணி வியாபாரம் என்று சொல்லி வசூலித்த நிறுவனம் 2009-ல் கைவிரித்தது. இந்த இரண்டு வழக்குகளும் கோவையில் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துக்கான சிறப்பு நீதிமன்றத்தில் நடந்தன. தண்டனை கிடைக்கப் பத்து வருடம் போல ஆனது. பணம் போட்டவர்களுக்கு அந்தப் பத்து வருடம் திரும்ப வராது. வங்கியும் அஞ்சலகமும் தருவதைவிட இரண்டு மடங்கு தருகிறேன் என்று யார் சொன்னாலும், அது பங்காளியே ஆனாலும், கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

என் யோசனை இது. பணம் வந்து ஒரு வருடம் எதிலும் போடக் கூடாது என்று நீங்கள் இருவரும் இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். அந்த ஒரு வருடம் வங்கி வைப்பில், இருவர் பெயரிலும் இருக்கட்டும். கேட்பவர்களுக்கு "ஒரு வருசத்துக்கு எடுக்க முடியாதுங்க" என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கும். அதற்குப் பிறகும் சொந்தத் தொழில் என்றால், தமிழ்நாடு அரசின் 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தை முதலில் பாருங்கள். முன்னாள் படைவீரர்கள் தொழில் தொடங்க 1 கோடி ரூபாய்வரை கடன், 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம் உண்டு. கடன் கடன்தான், திருப்பிக் கட்ட வேண்டும். ஆனால் வங்கியும் அதிகாரிகளும் திட்ட அறிக்கையைக் கேள்வி கேட்டுச் சல்லடையில் சலித்துத்தான் தருவார்கள். கொழுந்தனாரின் தறித் திட்டம் அந்தச் சல்லடையில் நிற்கிறதா என்று பார்த்துவிடலாமே.

அவருக்கு வேலை என்று பார்த்தாலும் வழி இருக்கிறது. பணிக்காலத்தின் கடைசியில் மறுவாழ்வு இயக்ககம் நடத்தும் தொழிற்பயிற்சிகளில் சேரலாம், இப்போதே யூனிட்டில் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். மத்திய அரசில் 'சி' பிரிவு வேலைகளில் முன்னாள் படைவீரருக்கு 10 சதவீதமும், பொதுத்துறை வங்கிகளின் எழுத்தர் வேலைகளில் 14.5 சதவீதமும் ஒதுக்கீடு உண்டு. பத்தாம் வகுப்பு முடித்து 15 வருடம் பணி செய்தவரை, பட்டப்படிப்பு கேட்கும் 'சி' பிரிவு வேலைகளுக்கும் தகுதியுள்ளவராக எடுத்துக்கொள்வார்கள். பாதுகாவலர் வேலை போதும் என்றால் தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ இருக்கிறது. ஆனால் எதுவும் வந்து இறங்கிய மறுநாளே கிடைக்காது. ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகும்.

அந்த ஒரு வருடத்தைத் தாங்கப்போவது உங்கள் சம்பளம். அதனால்தான் நீங்கள் வேலைக்குப் போவதை, அவர் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள் என்கிறேன். இப்போதே போக வேண்டும். நம்பியூர், குன்னத்தூர் வழியாகத் திருப்பூருக்குக் கம்பெனி வண்டிகள் ஓடுகின்றன. அக்கவுண்ட்ஸ் அறையில் இன்று நடக்கும் வேலை நீங்கள் கல்லூரியில் படித்ததிலிருந்து மாறியிருக்கும். சாயப்பட்டறைக்கு எத்தனை கிலோ துணி போனது, எத்தனை கிலோ வந்தது என்று டெலிவரி சலானையும் பில்லையும் வைத்து ஒத்துப்பார்ப்பது, ஈ-வே பில் போடுவது, ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்வது, எல்லாம் டாலி என்ற கணக்கு மென்பொருளில்தான். ஒரு புதுப்பிப்புப் பயிற்சியை முடித்துவிட்டுப் போனால் நுழையும்போதே மதிப்பு வேறு. பி.எஃப் பிடிக்கிறார்களா என்று கேட்டுச் சேருங்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்பது சட்டம், அதையும் கேளுங்கள். தினமும் திருப்பூர் போய் வருவது பிள்ளைகளுக்குச் சரிவராது என்று தோன்றினால், நம்பியூரிலும் கோபியிலும் இருக்கும் ஆடிட்டர் அலுவலகங்களில் பாதி நாள் வேலையாகத் தொடங்குங்கள். சம்பளம் குறைவுதான், தொழில் முழுதாகக் கைவரும்.

மாமாவின் கோபம்? ஊர் என்ன பேசும் என்கிறார். அவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் மகன். "நாந்தான் போகச் சொன்னேனுங்கப்பா" என்று அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும், மாமா மேற்கொண்டு பேசமாட்டார். இதையும் அந்தக் கடிதத்தில் கேட்டு எழுதுங்கள். வேலைக்குப் போனால் பிள்ளைகளைப் பார்ப்பது அத்தை தலையில்தான் விழும். அவரிடம் முன்கூட்டியே, தனியாக, மரியாதையாகக் கேளுங்கள். ராணுவத்தில் மகனை விட்டுவிட்டுத் தூங்காமல் கிடக்கும் இன்னொரு பெண் அந்த வீட்டில் அவர்தான். நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கக்கூடியவர்கள்.

(இதைப் படிக்கும் அக்னிவீரர் வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளைகளுக்குப் பென்ஷன் கிடையாது. நான்கு வருடத்தில் சேவா நிதியாக 11.71 லட்சம் அளவுக்கு வரும், தொடர்ந்து எடுத்துக்கொள்ளப்படுவோர் 25 சதவீதம்வரைதான். அந்தப் பணத்தை நம்பி இப்போதே கல்யாணக் கடன் வாங்காதீர்கள். 22, 23 வயதில் திரும்பி வரும் பையனின் படிப்புக்கும் தொழிலுக்கும் அது முதலாக இருக்க வேண்டும்.)

தடத் தகராறு வழக்கைப் பற்றிப் பயம் வேண்டாம். பணியில் இருக்கும் வீரர் வர முடியாத நிலையில் அவருக்கு எதிராக ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வந்துவிடக் கூடாது என்பதற்காகவே 1925-லேயே இந்தியப் படைவீரர் வழக்குச் சட்டம் வந்துவிட்டது. அவர் கமாண்டிங் ஆபீசர் மூலமாக மாவட்ட ஆட்சியருக்கு எழுதட்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 28-ஆவது கட்டளைப்படி, லீவு கிடைக்காத வீரர் தன் சார்பில் வழக்கை நடத்த இன்னொருவருக்கு எழுத்தில் அதிகாரம் தரலாம், அதில் கமாண்டிங் ஆபீசர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். அந்த அதிகாரத்தை உங்களுக்கோ மாமாவுக்கோ அவர் தரலாம். வக்கீல் செலவுக்கு யோசித்தால், வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. உங்கள் பெயரும் வழக்கில் இருந்தால் கோபி நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிக் குழுவைப் பாருங்கள்.

ஈரோட்டில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. பெயரில் 'முன்னாள்' என்று இருப்பதால் நமக்கில்லை என்று நினைத்துப் பல பெண்கள் போவதேயில்லை. பணியில் இருப்பவர்களின் குடும்பத்துக்கும் அந்த அலுவலகம் உண்டு. ஆட்சியர் நடத்தும் படைவீரர் குடும்பக் குறைதீர்க்கும் கூட்டத்தின் தேதியையும் அங்கேயே சொல்வார்கள். ஒருமுறை போய் அறிமுகம் செய்துகொண்டு வாருங்கள்.

உங்கள் தூக்கத்தையும் பையனின் சோற்றையும் கடைசியில் எழுதினாலும் எனக்கு அவை கடைசி விஷயங்கள் அல்ல. ஆபரேஷன் சிந்தூர் நடந்த நாட்களில் உங்களைப் போல எத்தனையோ பெண்கள் விடிய விடிய டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். டிவி சொன்னதில் பாதி பொய் என்று பின்னால் தெரிந்தது, உடம்பு பட்ட பயம் மட்டும் பொய்யில்லை. அது தங்கிவிட்டால் தானாகப் போகாது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் பேசுங்கள். கட்டணமில்லை, தமிழில் பேசலாம். அதில் படையினருக்கும் குடும்பத்துக்கும் என்றே புனேயில் ஒரு தனிப் பிரிவை 2023 டிசம்பரில் தொடங்கினார்கள். வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் மருத்துவம் உண்டு, மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டுமானாலும் அங்கே கேட்கலாம். யூனிட்டில் அவசரத்துக்கு அழைக்க ஒரு எண்ணைக் கணவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். இனி எல்லையில் ஏதாவது என்றால் செய்திச் சேனலைப் பார்க்க வேண்டாம், அந்த எண்ணுக்குப் பேசுங்கள். அவர் இருக்கும் இடத்தைப் பற்றி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் எதுவும் போட வேண்டாம் என்பதை உறவுக்காரர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

பையனுக்கு, அப்பா இருக்கும் மலையைப் படத்தில் காட்டுங்கள். மழை பெய்தால், பனி கொட்டினால் அங்கே டவர் கிடைக்காது என்று உள்ளதைச் சொல்லுங்கள். "அப்பா பிஸியா இருக்காரு" என்று சொன்னால் தன்மேல் பாசமில்லை என்று குழந்தை எடுத்துக்கொள்ளும். போன் வராத நாளில் அவன் சொல்ல நினைத்ததைக் குரல் பதிவாகப் பேசி வைக்கட்டும். சிக்னல் வந்ததும் அவருக்குப் போகும், பேசி முடித்த பிள்ளை சாப்பிட உட்காரும். வீட்டில் யாரும் "உங்கப்பன் வரட்டும், சொல்லிக் குடுக்கறேன்" என்று மிரட்ட வேண்டாம். வருடத்தில் மூன்று மாதம் பார்க்கும் அப்பாவைப் பூச்சாண்டி ஆக்குவது பாவம். அப்பாருவிடமும் இதைச் சொல்லுங்கள், பேரனுக்காகக் கேட்பார்.

சைனிக் ஸ்கூல் பற்றி. உடுமலைக்குத் தெற்கே அமராவதி நகரில் 1962-லிருந்து நடக்கும் நல்ல பள்ளி. ஆனால் அப்பா இல்லாத ஏக்கத்தில் சாப்பிடாத பையனை அம்மாவிடமிருந்தும் பிரித்து விடுதியில் விடுவதற்கு இது நேரமில்லை. 6-ஆம் வகுப்பிலிருந்துதான் சேர்க்கை, அதற்கு மார்ச் 31-ல் 10 வயது முடிந்து 12-க்குள் இருக்க வேண்டும். அதற்குள் அவன் அப்பாவே வீட்டுக்கு வந்துவிடுவார், அவனையும் கேட்டு மூன்று பேருமாக முடிவு செய்யுங்கள். சேர்ப்பது என்றால் 5-ஆம் வகுப்புப் படிக்கும்போது நுழைவுத் தேர்வு. தமிழிலேயே எழுதலாம். சாதிவாரி இடஒதுக்கீடு போக மீதி இடங்களில் படையினர் பிள்ளைகளுக்கு 25 சதவீதம் உண்டு, அதற்குச் சான்று கேட்பார்கள். பையனின் பெயர் பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பார்ட் டூ ஆர்டரிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பார்த்து வையுங்கள்.